கைதி (2019): ஒரு திருச்சி இரவும் அதன் இந்தி மறுஆக்கமும்

லோகேஷ் கனகராஜ் இயக்கத்தில் கார்த்தி நடித்து 2019 அக்டோபர் 25 அன்று தீபாவளிக்கு வெளியான குற்றப் பரபரப்புப் படம் ‘கைதி’. பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை. கதை ஒரே இரவில் திருச்சியை மையமாக வைத்து நடக்கிறது. இதை அஜய் தேவ்கன் தாமே இயக்கி நடித்து ‘போலா’ என்ற பெயரில் இந்தியில் 2023 மார்ச் 30 அன்று வெளியிட்டார். 1951இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘கைதி’க்கும் இதற்கும் கதைத் தொடர்பு கிடையாது. ஆனால் 1954இல் பாடலே இல்லாத ‘அந்த நாள்’ படத்தைத் துணிந்து எடுத்தவர் அதே பாலசந்தர்தான் என்பதால், தமிழ்க் குற்றப்படத்தின் வரலாற்றில் லோகேஷ் யாருடைய வழியில் வருகிறார் என்பது தெளிவாகிறது. மறுஆக்கம் ஒன்றை எடைபோட, கதை எவ்வளவு மாறியது என்று பார்ப்பது போதாது. மூலப்படம் எந்தெந்த வசதிகளை வேண்டாம் என்று ஒதுக்கியதோ, அந்த விரதத்தை மறுஆக்கம் காத்ததா என்பதே சரியான அளவுகோல்.

இந்த அளவுகோலுக்கு நல்ல சான்று ஸ்காண்டிநேவியாவில் இருக்கிறது. எரிக் ஷோல்ட்பியர்க் இயக்கிய நார்வே படம் ‘இன்சோம்னியா’ (1997), கோடையில் சூரியனே மறையாத வடகோடி ஊரில் கொலை விசாரிக்க வரும் சுவீடன் போலீஸ் அதிகாரியின் கதை. பனிமூட்டத்தில் தன் சகாவையே சுட்டுவிட்டு அதை மறைக்கும் அவனை, வெளிச்சம் கண்ணை மூட விடுவதில்லை. 2002இல் கிறிஸ்டோபர் நோலன் அதை அலாஸ்காவுக்குக் கொண்டுபோனபோது பலவற்றை மாற்றினார். மூலத்தில் அதிகாரி தண்டனை இல்லாமல் ஊரைவிட்டுப் போகிறான். நோலன் படத்தில் அந்த அதிகாரியாக வரும் அல் பசீனோ உயிரை விடுகிறார், அதற்குமுன் மனசாட்சிக்குக் கணக்கும் தீர்க்கிறார். எனக்கு நார்வே முடிவின் கடுமைதான் பெரிது. ஆனாலும் நோலன் அந்த உறங்கவிடாத வெளிச்சத்தில் கைவைக்கவில்லை. கதையை நகர்த்தும் நெருக்கடி அப்படியே இருந்ததால் மற்ற மாற்றங்களைப் படம் தாங்கிக்கொண்டது.

‘கைதி’யில் அந்த வேலையைச் செய்வது இருட்டும் தூரமும். பிடிபட்ட 900 கிலோ போதைப்பொருள் திருச்சி கமிஷனர் அலுவலகத்தில் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. விருந்தில் மயக்க மருந்து கலந்த மதுவைக் குடித்துச் சாய்ந்த போலீஸ் அதிகாரிகளை, சிறையிலிருந்து அன்றுதான் விடுதலையான டில்லி (கார்த்தி) சமையல் காண்டிராக்ட் லாரி ஒன்றில் போட்டு ஓட்ட வேண்டும். மலைக்கோட்டைக்கோ ஸ்ரீரங்கம் கோபுரத்துக்கோ கதையில் வேலையே இல்லாதபோது இதை எப்படித் திருச்சிப் படம் என்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஊர் என்பது கோபுரக் காட்சி மட்டுமா? சென்னை, மதுரை, தஞ்சை, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டைச் சாலைகள் எல்லாம் கூடும் இடம் திருச்சி. ஊர் அடங்கும் நேரத்தில்தான் காந்தி மார்க்கெட் சுறுசுறுப்பாகும். காய்கறி லாரிகள் வந்து நிற்க, லோடுமேன்கள் மூட்டைகளை இறக்க, விடிவதற்குள் பாதி வியாபாரம் முடிந்திருக்கும். அந்த ஊருக்கு வரும் நெடுஞ்சாலையில் நடுராத்திரி லாரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால்தான் டில்லியின் பயணம் நம்பும்படி இருக்கிறது.

‘போலா’ கதையை உத்தரப்பிரதேசத்துக்கு மாற்றியது குற்றமில்லை. அங்கேயும் லாரியும் இரவும் உண்டு. அது தவறிய இடம் வேறு. டில்லி தன் கடந்த காலத்தைச் சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்வோம். மனைவி, சிறை, பார்த்தேயிராத மகள் எல்லாம் கார்த்தியின் வாய்ச்சொல்லாக மட்டுமே வருகின்றன. கேமரா அந்த முகத்தை விட்டு நகர்வதில்லை. பின்னோக்குக் காட்சி ஒரு நொடிகூட இல்லை. பார்வையாளருக்கு அந்த மகளைத் தெரியாது, டில்லிக்கும் தெரியாது. இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். ‘போலா’வில் மனைவியாக அமலா பால் வருகிறார், காதல் பாட்டும் வருகிறது. பார்த்துவிட்ட பிறகு ஏங்குவதற்கு என்ன மிச்சம்? முப்பரிமாணச் சண்டைகளும் ராய் லட்சுமியின் நடனப் பாட்டும் சேர்ந்தபோது, நேரம் போய்க்கொண்டிருக்கிறதே என்ற பதைப்பு படத்திலிருந்து கழன்றுவிட்டது.

இந்தி ரசிகர்கள் பெரிய நட்சத்திரத்திடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பார்கள் என்பது வழக்கமான சமாதானம். ‘கைதி’யும் நட்சத்திரப் படந்தான், அதுவும் அதே நாளில் வந்த விஜய்யின் ‘பிகில்’ படத்தோடு மோதியது. பாட்டில்லாமலே அது ஓடியது. அச்சுப்பிசகாமல் எடுத்தால் மறுஆக்கம் எதற்கு என்ற எதிர்வாதம் இதைவிட வலுவானது, அதை நான் ஏற்கிறேன். ‘போலா’வின் சிறந்த பகுதியே ஒரு மாற்றம்தான். மூலத்தில் நரேன் செய்த போலீஸ் அதிகாரி பிஜாய் பாத்திரம் தபு நடிக்கும் டயானா என்ற பெண் அதிகாரியாகிறது. பெண்களுக்கு ஏறக்குறைய இடமே தராத ‘கைதி’யின் குறையை இது நேர்செய்கிறது. அடிபட்ட கையோடு லாரியில் அமர்ந்து ஒரு முன்னாள் கைதியை நம்பியாக வேண்டிய நிலைக்கு, தபு புதிய இறுக்கம் தருகிறார்.

எனினும் போதைப்பொருளை மீட்க வரும் கும்பல் கமிஷனர் அலுவலகத்தை முற்றுகையிடும் பகுதியில் மூலத்தை நெருங்க ‘போலா’வால் முடியவில்லை. முற்றுகையிடப்பட்ட காவல் நிலையம் என்ற அமைப்பு பழையது. ஜான் கார்பென்டரின் 1976 படம் அதில் புகழ்பெற்றது. லோகேஷ் அந்த அமைப்புக்குள் அன்றுதான் மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள் நெப்போலியனைக் கொண்டுவந்தார். மற்ற போலீஸார் ஓடிவிட, குடித்து வண்டி ஓட்டிப் பிடிபட்ட கல்லூரிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் கதவுகளை அடைத்துக் காவல் நிற்கிறார். நெப்போலியனாக நடித்த ஜார்ஜ் மரியானை அதுவரை சிறு நகைச்சுவை வேடங்களில் பார்த்துப் பழகிய தமிழ் ரசிகர்கள், இந்த ஆள் எப்போது கைவிரிப்பாரோ என்றே காத்திருந்தார்கள். இந்தியில் அதே வேடத்தைச் செய்தவர் சஞ்சய் மிஸ்ரா, மிகத் தேர்ந்த நடிகர். அவர் உள்ளே வரும்போதே இவர் தாங்குவார் என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது.