கீர்க்ககார்டின் விரக்திக் கோட்பாடு

டென்மார்க் நாட்டு மெய்யியலாளர் சோரன் கீர்க்ககார்டின் (1813–1855) சிந்தனையில் விரக்தி என்பது மனிதனின் சுயம் பழுதுபட்டிருக்கும் நிலை. துக்கமும் மனச்சோர்வும் தோல்வியின் கசப்பும் அதன் அறிகுறிகளாகலாம்; அவையே விரக்தி ஆகிவிடா. ஒரு குறையும் இல்லாமல், ஊரார் பொறாமைப்படும்படி வாழ்பவரும் இந்நோய்க்கு ஆளாகியிருக்கலாம் என்பதே இக்கோட்பாட்டின் கூர்மையான பகுதி.

இதை விரித்துரைக்கும் ‘மரணத்துக்கு ஏதுவான நோய்’ என்ற நூல் 1849-இல் கோபன்ஹேகனில் வெளிவந்தது. ஆசிரியர் பெயராக ஆன்டி-கிளிமாக்கஸ் என்ற புனைபெயரும், பதிப்பாளராகக் கீர்க்ககார்டின் சொந்தப் பெயரும் அச்சிடப்பட்டன. தாம் எட்டாத உயரத்தில் நின்று பேசும் ஒரு கிறிஸ்தவனின் குரலாகவே அவர் அப்புனைபெயரை அமைத்தார். தலைப்பு யோவான் நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தில் வரும் லாசருவின் கதையிலிருந்து பெறப்பட்டது. கிறிஸ்தவனுக்கு உடலின் சாவு முடிவல்ல என்பதால், உயிரைப் பறிக்கும் எந்த நோயும் அப்பெயருக்குப் பொருந்தாது. தன்னிடமிருந்தே விடுபட விரும்பியும் விடுபட முடியாத விரக்திக்கே அது பொருந்தும்.

நூலின் தொடக்கப் பக்கங்கள் கரடுமுரடானவை. ஜெர்மன் மெய்யியலாளர் ஹெகலின் நடையைக் கேலி செய்கிறாரோ என்று ஐயுறும் ஆய்வாளர்களும் உண்டு. மனிதன் எல்லையற்றதும் எல்லையுள்ளதும், நித்தியமும் காலமும், சுதந்திரமும் கட்டாயமும் சேர்ந்த கூட்டு என்கிறது நூல். கூட்டு மட்டுமே சுயம் ஆகாது. அது தன்னை நோக்கித் திரும்பித் தன்னோடு உறவுகொள்ளும்போதே சுயம் உருவாகிறது. அந்த உறவை நிறுவியவர் கடவுள். ஆகவே அவரை விலக்கிவிட்டுத் தன்னோடு மட்டும் இசைந்திருக்க எவராலும் முடியாது.

கூட்டின் ஒரு பக்கம் ஓங்கினாலும் விரக்திதான். எல்லையற்றதில் கரைபவன் கற்பனையிலேயே சஞ்சரிக்கிறான். எல்லையுள்ளதில் ஒடுங்குபவன் பத்தோடு பதினொன்றாகிறான். தொழிலும் மரியாதையும் குறைவின்றி நடப்பதால் அவனை உலகம் நோயாளியாக எண்ணுவதே இல்லை.

பின்னர் விழிப்புணர்வின் அளவைக் கொண்டு விரக்தி வகைப்படுத்தப்படுகிறது. தனக்கொரு சுயம் உண்டென்றே அறியாத நிலை முதலாவது. மிகப் பரவலானதும் இதுவே. அடுத்தது, தானாக இருக்க விரும்பாத பலவீனம். காதலனை இழந்த பெண் அவனுக்காக அழுவதாகத் தோன்றினாலும், அவன் இல்லாத தன்னைச் சுமக்க முடியாமையே அவளுடைய நோய். சீசராக முடியாதவனின் துயரத்துக்கும் இதே விளக்கம்தான்.

மூன்றாவது, தானாகவே இருப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கும் எதிர்ப்பு. இப்பகுதியே நூலின் உச்சம். எதிர்ப்பவன் தன் வேதனையை விட்டுவிடச் சம்மதிக்கமாட்டான். படைப்பு பிழையானது என்பதற்கு அதுதானே அவன் கையிலுள்ள சாட்சி. ஓர் எழுத்தாளரின் பிரதியில் புகுந்த எழுத்துப்பிழை உணர்வு பெற்று, தன்னைத் திருத்தக்கூடாது என்று எழுத்தாளரையே எதிர்த்து நிற்பதுபோல என்கிறார் கீர்க்ககார்ட். இத்தகைய உவமைகள் தொடக்கத்தின் வறண்ட இலக்கணத்தைவிடத் தெளிவாக அவருடைய கருத்தைச் சொல்லிவிடுகின்றன.

நூலின் இரண்டாம் பகுதி விரக்தியைப் பாவம் என்று அறிவிக்கிறது. பாவத்துக்கு எதிர்ப்பதம் நல்லொழுக்கம் அல்ல, விசுவாசம். அதாவது, தானாக இருக்க இசைந்து, தன்னை நிறுவிய கடவுளிடம் ஒளிவுமறைவின்றித் தங்கியிருத்தல். பாவமன்னிப்பு தனக்குக் கிடைக்காது என்று துவள்வதையும் நூல் பணிவாக ஏற்பதில்லை. அதுவும் பாவமே என்கிறது. இதே தீர்ப்பு டென்மார்க்கின் அரசுத் திருச்சபையையும் தொட்டது. ஞானஸ்நானம் பெற்ற குடிமக்கள் அனைவரும் கிறிஸ்தவர்களே என்ற எண்ணத்தைக் கீர்க்ககார்ட் 1854–55-இல் வெளிப்படையாகத் தாக்கினார்.

இருபதாம் நூற்றாண்டில் இக்கோட்பாடு இரு திசைகளில் பிரிந்தது. சார்த்தர் போன்ற நாத்திகர்கள் தன்னையே தான் ஏமாற்றிக்கொள்ளும் மனிதனைப் பற்றிப் பேசினார்கள்; கடவுளை விட்டுவிட்டார்கள். ஆல்பர் காம்யு 1942-இல் வெளியான ‘சிசிஃபஸின் புராணம்’ நூலில் கீர்க்ககார்டின் விசுவாசப் பாய்ச்சலை, அதாவது பகுத்தறிவின் எல்லையைத் தாண்டிக் கடவுளை நம்புவதை, மெய்யியல் தற்கொலை எனக் கண்டித்தார். இறையியலாளர் பால் டில்லிக்கோ 1952-இல் வெளிவந்த ‘இருப்பதற்கான துணிவு’ நூலில் அதே சிக்கலை விசுவாசத்தின் பக்கமிருந்து அணுகினார். தகுதியற்றவனாயினும் தான் ஏற்கப்பட்டிருப்பதை ஏற்றுக்கொள்ளும் துணிவே விரக்தியைத் தாங்கவல்லது என்பது அவர் வாதம்.