பஞ்சமி நிலம்: விற்றவர் யார்?



கல்மண்டபத்தில் நின்றுகொண்டு செங்கல்பட்டு நிலத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று அமைப்புத் தோழர் ஒருவர் கேட்டார். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேரின் ஆயாவும் தாத்தாவும் அந்த மாவட்டத்துச் சேரிகளிலிருந்து வந்தவர்கள்தானே என்றேன். அவருடைய ஆயாவும் மதுராந்தகம் பக்கம்தான் என்பது பிறகு தெரிந்தது.

ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. 1870களின் நடுவில் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது. பெரம்பூரில் 1876இல் பக்கிங்காம் ஆலையும் 1881இல் கர்நாடிக் ஆலையும் வந்தன. இடையில் 1876–78 தாது வருஷப் பஞ்சம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாயைப் பஞ்ச நிவாரண வேலையாகவே வெட்டினார்கள். வடசென்னை உழைப்பாளர் வரலாற்றை ஆலை வாசலிலிருந்து எழுதுவது நம் வழக்கம். ஆனால் ஆலை வாசலுக்கு வந்தவர்கள் எதை விட்டுவிட்டு வந்தார்கள்? நிலத்தை விட்டுவிட்டு வந்தார்கள் என்று சொல்ல முடியாது. அவர்களிடம் நிலமே இல்லை.

அந்த நிலமின்மை எப்படி நடத்தப்பட்டது என்பதை எழுத்தில் பதிந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியை நம் இயக்கங்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றன. செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர், 1891இல் அந்த மாவட்டத்துப் பறையர்களைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அவர் கருணையால் மட்டும் எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. வில்லியம் கௌடி, ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகள் அப்போது அரசை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் மாநாடு கூட்டியதும் அதே 1891இல்தான். கேட்கும் குரல்கள் பெருகிய நேரத்தில் ஆட்சியரின் பேனாவும் அசைந்தது.

அறிக்கையில் நாம் கவனிக்க வேண்டியது நிலம் மறுக்கப்பட்ட விதம். செங்கல்பட்டில் மிராசு முறை இருந்தது. ஊரின் நிலத்தில் பங்குரிமை உள்ளவர் மிராசுதார். சேரிக்காரர் ஒருவர் ஊரில் தரிசாகக் கிடக்கும் நிலத்தைக் கேட்டு தர்க்காஸ்து மனு போடலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் அந்த நிலத்தின் மீது மிராசுதாருக்கு முன்னுரிமை இருந்தது. மனு போட்ட தகவல் தெரிந்ததும் ‘எனக்கே வேண்டும்’ என்று அவர் சொன்னால் போதும், மனு செத்துவிடும். அதன் பிறகு அந்த நிலத்தை அவர் உழ வேண்டும் என்ற கட்டாயமும் பெரிதாக இல்லை. தரிசு தரிசாகவே கிடக்கலாம்; பறையன் கையில் போகக் கூடாது. இதற்கு மேல், குடிசை நிற்கும் மனையும் மிராசுதாருடையது. மனு போட்டவன் மறுநாள் எங்கே படுப்பான்?

வருவாய் வாரியம் திரமென்ஹீரின் வாதங்களை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010, 1010ஏ வெளிவந்தது. அதிலிருந்தும் பின்னால் வந்த வருவாய் வாரிய நிலையாணைகளிலிருந்தும் உருவானதுதான் நாம் பஞ்சமி நிலம் என்றும், கிராமத்தில் ‘டி.சி. நிலம்’ என்றும் சொல்வது. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் இப்படி வழங்கப்பட்டதாக நம் இயக்கங்கள் கணக்குச் சொல்கின்றன. ஒப்படை பெற்றவர் முதல் பத்து ஆண்டுகளுக்கு அதை விற்கவோ அடகு வைக்கவோ தானம் கொடுக்கவோ கூடாது. அதற்குப் பிறகு விற்கலாம், ஆனால் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த இன்னொருவருக்குத்தான். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

இந்த நிபந்தனையைப் பாதுகாப்புச் சுவர் என்றுதான் மேடைகளில் சொல்கிறோம். நானும் பல கூட்டங்களில் அப்படிப் பேசியிருக்கிறேன். சமூகவியல் படித்தவள் என்ற முறையில் இன்று அதை நிலச் சந்தையின் பக்கமிருந்து பார்க்க அனுமதியுங்கள்.

நிலத்தை வாங்கும் காசு யாரிடம் இருந்தது? சேரியில் இல்லை. சேரிக்கு மட்டும்தான் விற்கலாம் என்றால், வாங்க ஆளில்லாத பொருள் ஆகிறது அது. வாங்க ஆளில்லாத பொருளுக்கு விலை ஏது? அடகு வைக்கத் தடை இருப்பதால் அந்த நிலத்தைக் காட்டிக் கடன் வாங்குவதும் கடினம். கிணறு வெட்டக் காசில்லை. மாடு வாங்கக் காசில்லை. மானாவாரியாக ஒரு போகம், அதுவும் மழை பெய்தால். மகளுக்குக் கல்யாணம் என்றால் ஊர்க்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும். அவர் வெள்ளைத் தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு நெல்லோ காசோ கொடுப்பார். நிலம் அவர் அனுபவத்துக்குப் போகும். பட்டா மட்டும் நம் தகரப் பெட்டியில் தூங்கும். நிபந்தனை எழுத்தில் அப்படியே இருந்தது. வெளியாள் வாங்கக் கூடாது என்று அது சொன்னது; வெளியாள் மலிவாக வாங்குவதற்கு அதுவே வழியும் ஆயிற்று.

அடுத்த கட்டம் 1980களில். நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். திட்டம் 1979 முதல் கிராமம் கிராமமாக நடந்தது. யார் அனுபவத்தில் இருக்கிறார் என்று பார்த்துப் பட்டாவைத் திருத்தினார்கள். பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் இருந்த டி.சி. குறிப்பு, புதிய அ-பதிவேட்டில் பல ஊர்களில் இல்லாமல் போனது. ஒரு சர்வே எண்ணுக்கு எதிரே இருந்த இரண்டு எழுத்துகள் போனதும் அந்த நிலம் மற்ற நிலத்தைப் போல ஆகிவிட்டது. அதுவரை ‘டி.சி. நிலம், வில்லங்கம்’ என்று சொல்லிக் குறைத்த விலை இப்போது ஏறத் தொடங்கியது. குறைந்த விலைக்குக் கொடுத்தவர் நம் ஆள். ஏறிய விலைக்கு விற்றவர் வேறு ஆள். இடையில் இருந்த வித்தியாசம் உழைப்பால் வந்ததா, முதலீட்டால் வந்ததா? ஒரு குறிப்பு அழிந்ததால் வந்தது. பழைய மகாபலிபுரம் சாலையும் ஒரகடமும் சிங்கப்பெருமாள்கோயிலும் மனைகளாக மாறிய கதையை எழுதப்போகும் மாணவர்கள், மண்ணின் விலைக்குள்ளே சாதி எந்த ரூபத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் கணக்கெடுக்க வேண்டும்.

இதைத் தட்டிக் கேட்டதற்குத்தான் 1994. மாமல்லபுரத்தை அடுத்த காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் அங்கே அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குத் திரண்ட மக்கள் மீது காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் அவர்கள் படத்துக்கு மாலை போடுகிறோம். அவர்கள் நிலம் கேட்டுச் செத்தவர்கள். அதே காலத்தில் நம் வீடுகளுக்குள் நிலம் விற்கப்பட்டுக்கொண்டிருந்தது என்பதையும் இந்த மேடையில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் வீட்டிலும் விற்றார்கள்.

என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ஆயா கல்மண்டபம் மார்க்கெட்டில் கருவாடு விற்றார். ஊரில் ஆயாவின் அப்பாவுக்கு ஒப்படையான 2 ஏக்கர் 30 சென்ட் இருந்தது. லேபர் கமிஷனர் காலத்துப் பட்டா. வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்குப் போனால் ஒரு மூட்டை வேர்க்கடலை வரும். எங்களுக்கு நிலம் என்றால் அந்த மூட்டைதான். 2001இல் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நம்ம ஆள்தான், அதனால்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். ஆயாவைப் பார்த்து, “அக்கா, அது டி.சி. நெலம். நீ யாருக்கும் விக்கவே முடியாது. கவுருமெண்டு புடுங்கிக்கினா ஒத்த ரூபா தேறாது. நான் கேக்குற எடத்துல நாட்டு வையி, மிச்சத்த நான் பாத்துக்கறேன்” என்றார். முதலில் அவர் பெயருக்கு ஒரு கிரயம். அவர் ஒடுக்கப்பட்ட வகுப்பு என்பதால் தாளில் மீறல் இல்லை. அவரிடமிருந்து இன்னொருவருக்குப் பவர் பத்திரம். அந்தப் பவரை வைத்து மனைப்பிரிவு போட்ட நிறுவனத்துக்கு. மூன்று தாள், ஏழு மாதம். எங்கள் வேர்க்கடலைக் கொல்லைக்கு இப்போது ஒரு பூவின் பெயரில் நகர் என்று வளைவு வைத்திருக்கிறார்கள்.

நைனா முதலில் சம்மதிக்கவில்லை. சம்மதிக்க வைத்த காரணங்களில் ஒன்று நான். எனக்கு எம்.ஏ. சேர இடம் கிடைத்திருந்தது. விடுதிக் கட்டணமும் இரண்டு வருஷச் சாப்பாடும் அந்தப் பணத்தில்தான். திரமென்ஹீரின் பெயரை நான் முதன்முதலில் கேட்டதே அந்த வகுப்பறையில்தான். அன்று இரவு விடுதியில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் சாப்பிட்டேன். படிப்பையும் முடித்தேன்.

நம் தோழர்களில் சிலர், நிலத்தை விற்றவர்களைத் துரோகிகள் என்கிறார்கள். என் ஆயாவை அப்படிச் சொல்ல நான் விடமாட்டேன். வேறு சிலர், விற்பது அவரவர் உரிமை, பழைய நிபந்தனையைத் தூக்கிப் போட்டுவிட்டால் சந்தை விலை நமக்கும் கிடைக்கும் என்கிறார்கள். அவர்களோடும் நான் உடன்படவில்லை. நிபந்தனையை நீக்கினால் இன்று யார் கையில் நிலம் இருக்கிறதோ அவருக்குத்தான் அது லாபம். நம் கையில் இருப்பது பெரும்பாலும் பழைய தாள்.

2008இல் ஒரு குடியிருப்போர் சங்கம் தொடுத்த வழக்கில், ஒப்படை நிபந்தனைகள் கட்டுப்படுத்தும் என்றும், அவற்றை மீறிய கைமாற்றம் செல்லாது என்றும் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நமக்குச் சாதகமான தீர்ப்பு. ஆனால் அதில் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். வழக்குக்கு வந்தவர்கள் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்ட சம்பளக்காரர்கள். விற்று லாபம் எடுத்தவர் எப்போதோ கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுகிறார். கடைசியில் நீதிமன்றப் படியில் எதிரெதிரே நிற்பது நிலம் இழந்தவரும் கடன் வாங்கி மனை வாங்கியவரும். மேலும், நிலையாணைப்படி மீட்கப்படும் நிலம் அரசிடம் போகிறது. பறிகொடுத்த குடும்பத்துக்குத் தானாகத் திரும்புவதில்லை.

கர்நாடகத்தில் 1978இலேயே இதற்கெனச் சட்டம் இயற்றினார்கள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வழங்கிய நிலம் நிபந்தனையை மீறிக் கைமாறியிருந்தால், சட்டம் வருவதற்கு முன் நடந்த விற்பனையாக இருந்தாலும், மீட்டு ஒப்படை பெற்றவருக்கோ வாரிசுக்கோ கொடுக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 1984இல் மஞ்சேகௌடா வழக்கில் அதை உறுதி செய்தது. அங்கே நடைமுறையில் ஆயிரம் ஓட்டை உண்டு. இருந்தாலும் வாரிசு என்ற சொல் சட்டத்துக்குள் இருக்கிறது. நாம் இன்னும் நிலையாணையையும் தீர்ப்புகளையும் பிடித்துக்கொண்டு தாலுகா அலுவலகத்தில் நிற்கிறோம்.

கலிபோர்னியாவில் மன்ஹாட்டன் பீச் என்ற ஊரில் புரூஸ் என்ற கறுப்பினத் தம்பதி 1912இல் கடலோர நிலம் வாங்கி, கறுப்பு மக்களுக்கான விடுதி நடத்தினார்கள். பூங்கா அமைக்கிறோம் என்று சொல்லி ஊர் நிர்வாகம் 1924இல் அதை எடுத்துக்கொள்ள நடவடிக்கை எடுத்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 2022இல், லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி அந்த நிலத்தை வாரிசுகளிடம் திருப்பிக் கொடுத்தது. 2023இல் அவர்கள் அதையே கவுண்டிக்கு ஏறக்குறைய 2 கோடி டாலருக்கு விற்றார்கள். போராடி வாங்கியதை விற்றுவிட்டார்களே என்று இந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கும் முதலில் தோன்றியது. பிறகு என் ஆயாவை நினைத்துக்கொண்டேன். புரூஸ் குடும்பம் தன் பெயருக்கு வந்த நிலத்தை, தன் நிலத்தின் முழு விலைக்கு, தானே உட்கார்ந்து பேசி விற்றது. ஆயா விற்றபோது இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

எங்கள் நிலத்தில் 30 சென்ட் மட்டும் அந்த மூன்று தாளிலும் வரவில்லை. ஏரிக்கரையை ஒட்டிய மூலை; அளந்தபோது விட்டுப்போயிருக்கிறது. போன வருஷம் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகல் வாங்கியபோதுதான் தெரிந்தது. சர்வே எண்ணுக்கு எதிரே டி.சி. என்று தெளிவாக இருக்கிறது. இன்றைய சிட்டாவில் வேறு ஒருவர் பெயர். தாசில்தாருக்கு மனு கொடுத்திருக்கிறேன். இரண்டு முறை விசாரணை தள்ளிப் போயிற்று. என் சித்தி மகன் எண்ணூரில் ஒப்பந்தத் தொழிலாளி. அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். போன வாரம் போன் செய்து, “அக்கா, அது நம்ம பேருக்கு வந்துச்சின்னா விப்பியா, வெச்சிப்பியா?” என்று கேட்டான். முதலில் பேருக்கு வரட்டும்டா என்றேன். அடுத்த விசாரணைக்கு அவனும் என்னோடு வருகிறான்.