ஸ்லேட்டர் கிராம ஆய்வுகள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர்களிடம் நிலவுடைமை, கூலி, கடன், சாகுபடி குறித்த வினாப்பட்டியலைக் கொடுத்தனுப்பினார். 1916-ல் தொடங்கிய இம்முயற்சியின் விளைவே 1918-ல் அவர் பதிப்பித்த 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற ஆங்கில நூல். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, தஞ்சைப் பாலக்குறிச்சி, திருநெல்வேலிக் கங்கைகொண்டான், வடமலைபுரம், தூசி முதலிய ஊர்கள் இதில் இடம்பெற்றன. எழுதியவர்கள் தேர்ந்த ஆய்வாளர்கள் அல்லர். கட்டுரைகளின் தரமும் ஒரே சீராக இல்லை. ஆயினும் அடுத்த தலைமுறைகள் ஒப்பிட்டுப் பார்க்க அடிப்படைத் தரவாக அமைந்ததே இவற்றின் பெருமதிப்பு. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் பதிப்பித்த மறு ஆய்வு 1940-ல் வெளிவந்தது. இருவேல்பட்டுக்கு ஆய்வாளர்கள் 1980-களிலும் 2008-லும் மீண்டும் சென்றனர்.