கண் டாக்டர் கேட்ட ஒரு கேள்வி

ரூபெல்லான்னா ரெண்டு மூணு நாள் காய்ச்சல், உடம்புல கொஞ்சம் சிவப்புத் தடிப்பு, அவ்வளவுதான். 1941 வரைக்கும் டாக்டர்களும் அப்படித்தான் நினைச்சாங்க.

அந்த வருஷம் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டரிடம் பிறவிக் கண்புரையோட குழந்தைகள் வரிசையா வந்தாங்க. பலருக்கு எடை குறைவு, பால் குடிக்கவே சிரமம், இதயத்திலும் கோளாறு. பரம்பரை வியாதின்னு எழுதி அனுப்பியிருக்கலாம். மனுஷன் அம்மாக்களிடம் விசாரிச்சார் பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்சது. 78 குழந்தைகளில் 68 பேரோட அம்மாவுக்கு கர்ப்பத்தோட தொடக்கத்தில், பெரும்பாலும் முதல் ரெண்டு மாசத்தில், ரூபெல்லா வந்திருந்தது!

கண் லென்ஸ், இதய அறைகள் எல்லாம் உருவாவது அந்தச் சமயத்தில்தான். வைரஸ் அப்போ புகுந்தா கட்டுமானமே கோணலாகிடும். செல் பெருகும் வேகமும் குறையும். அதான் குழந்தை சின்னதா பிறக்குது. (டிசைன்லயே பக் இருந்தா என்னாகும்னு நம்ம பொட்டி தட்டுற மக்களுக்குத் தெரியும் :-( )

1944-லகூட 'லான்செட்' இதழ் இது இன்னும் நிரூபணமாகலைன்னுதான் எழுதிச்சு. 1964-65 தொற்றில் அமெரிக்காவில் சுமார் 20,000 குழந்தைகள் இந்தப் பாதிப்போட பிறந்தாங்க. தடுப்பூசி வந்தது 1969-ல்.

2017-ல் தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைப் போட்டப்போ, வாட்ஸப் வதந்தியை நம்பி வேண்டாம்னு சொன்ன பெற்றோர் நிறைய பேர்.