பேய் என்னும் சொல்: அச்சமும் அன்பும்

அச்சந்தரும் சொற்கள் தமிழில் பல உள. அணங்கு, சூர், அலகை முதலியன ஏட்டளவில் ஒதுங்கிவிட, மக்கள் நாவில் இன்றும் நிலைத்திருப்பது 'பேய்' என்னும் சொல். அதன் வேரும் அச்சமே எனலாம். தொல்காப்பிய உரியியல், அச்சம் குறிக்கும் சொற்களாகப் பேம், நாம், உரும் என்பவற்றை எண்ணுகிறது.

சங்கப் பாடல்களில் பேய்மகளிர் போர்க்களத்தில் பிணந்தின்று ஆடுவர். வள்ளுவரோ இச்சொல்லை அரசவைக்கே கொண்டுவருகிறார். காட்சிக்கு அரியனாய், கடுமுகம் உடையனாய் இருப்பவனின் பெருஞ்செல்வம் பேயின் பார்வையில் பட்டது போன்றது என்பது, 'வெருவந்த செய்யாமை' அதிகாரத்தில் அவர் கூறும் கருத்து.

எனினும், அதே சங்கத்தொகையில் புறநானூற்றின் 11ஆம் பாடலைப் பாடிய பெண்பாற் புலவரின் பெயர் பேய்மகள் இளவெயினி. இழிவுப் பெயராயின் தொகுத்தோர் அதனைப் புலவர் பெயராகப் போற்றியிரார்.

பக்தி இயக்கம் இச்சொல்லை முற்றிலும் புரட்டிவிட்டது. அழகைத் துறந்த காரைக்கால் அம்மையார் தம்மைக் காரைக்கால் பேய் என்றே பாடினார். குலசேகராழ்வார், உலகம் தம்மைப் பேயன் என்பதை ஏற்று, உலகமே தமக்குப் பேயாகத் தோன்றுகிறது எனத் திருப்பிக் கூறினார். மயிலையில் தோன்றியவராக மரபு போற்றும் பேயாழ்வாரின் பெயரிலுள்ள பேய்மை, திருமால்மீது கொண்ட பித்தே என்பர் வைணவர். மூன்றாம் திருவந்தாதி அவர் அருளியது. மயிலை ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவர் வணங்கப்பெறுகிறார். அதே மயிலையில், கபாலீசுவரர் கோயிற் பங்குனித் திருவிழாவின் அறுபத்துமூவர் உலாவில் அம்மையாரும் எழுந்தருளுகிறார். சைவ, வைணவ மரபுகள் இரண்டும் பேய் என்னும் பெயரைத் தெருவறியத் தொழுகின்ற ஊர் மயிலை.

பேச்சு வழக்கில் இச்சொல் அளவு மீறியதையும் அடங்காததையும் சுட்டும். அளவிறந்து பொழிவது பேய்மழை. தோட்டத்திற்கு அடங்காது காட்டில் கசந்து காய்ப்பது பேய்ச்சுரை. நீர்போல் தோன்றி ஏய்க்கும் கானல் பேய்த்தேர். வரம்புக்குள் நில்லாமையே இவற்றின் பொதுப்பண்பு. களத்துப் பேய்க்கும் ஆழ்வாரின் பித்துக்கும் அதுவே பாலம்.

இன்றும் மனநோயுற்ற பெண்ணையும், வீட்டில் எதிர்த்துப் பேசும் பெண்ணையும் 'பேய் பிடித்தவள்' என்னும் வழக்கு மறையவில்லை. முன்னவளுக்கு வேண்டுவது மருத்துவம். பின்னவளுக்கு வேண்டுவது செவிசாய்ப்போர். இளவெயினியும் அம்மையும் தாங்கிய பெயரை வசைச்சொல்லாக வீசுமுன், அச்சம் யாருடையது என வினவிக்கொள்வது தமிழறிந்தார் கடன்.