அளந்தாச்சு, அப்புறம்?

வில்லியனூர், பாகூர் பக்கம் வரப்புத் தகராறு கோர்ட்டுக்குப் போனா, ஜட்ஜ் ஒரு வக்கீலை கமிஷனரா போடுவார். அவர் சர்வேயரோட வந்து அளந்து அறிக்கை குடுப்பார். அது தப்புன்னு பின்னாடி தெரிஞ்சா, அதே ஜட்ஜ் திரும்ப அளக்கச் சொல்லலாமா?

இந்த மண்ணு இதுக்கு ரெண்டு சட்டத்தைப் பார்த்திருக்கு. 1819-ல புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுச் சட்டங்கள்ல 1806-ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டமும் ஒண்ணு. நிபுணர் கருத்து நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. அறிக்கை தெளிவா இல்லைன்னா அவரே புது ஆய்வுக்கு உத்தரவு போடலாம்னு அதுல இருந்தது. 1954-ல பிரெஞ்சுக்காரங்க போனாங்க, சட்டம் உடனே போகலை. கடலூர்ல 1908-ஆம் வருஷத்து இந்திய சிவில் நடைமுறைச் சட்டம், எல்லைக்கு இந்தப்பக்கம் பாகூர்ல வேற சட்டம். 1968-லதான் இந்தியச் சட்டம் இங்கேயும் வந்தது.

இதுல 26-வது ஆணை, 10-வது விதியைப் பாருங்க. கமிஷனர் அறிக்கை ஒரு சாட்சியம், அவ்வளவுதான். கமிஷனரையே கூண்டுல ஏத்தி விசாரிக்கலாம். ஜட்ஜுக்குத் திருப்தி இல்லைன்னா மேற்கொண்டு விசாரிக்கச் சொல்லலாம். ஆனா "எனக்குச் சாதகமா இல்லை"ன்னு சொன்னா எடுபடாது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் தரலை, பழைய சர்வே கல்லைப் பார்க்கலைன்னு குறையைக் காட்டணும்.

தீர்ப்புல கையெழுத்து விழுந்துட்டா அந்தக் கதவு சாத்தினது. அப்புறம் மறுஆய்வு மனு, இல்லைன்னா அப்பீல்தான். கால் காணி வச்சிருக்கிறவருக்கு அரை அடி வரப்பும் பெருசு. அதனால அறிக்கை வந்ததுமே ஆட்சேபணையை எழுத்துல போட்டுடுங்க.