வாங்காமலும் நடக்கலாம்

1998 மே மாதம், கத்திரி வெயில். பெரியப்பாவை ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். சங்கராபுரத்திலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்த பெரியம்மாவும் நானும் பார்வையாளர் நேரம் முடிந்தால் சாயங்காலம் வரை வெளியே நிற்க வேண்டும். பட்டணத்தில் எங்களுக்குப் போக்கிடம் இல்லை. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிதான் வழி சொன்னார்: "பொடி நடையா ஸ்பென்சருக்குப் போயிடுங்க. உள்ள ஜில்லுனு இருக்கும். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

மஞ்சள் பையோடு அண்ணா சாலையைக் கடந்து ஸ்பென்சர் பிளாசா என்ற அந்த மாலுக்குள் போனோம். ஒரு காஷ்மீர்க் கடை வாசலில் பெரியம்மா ஒரு கணம் நின்றுவிட்டார். கடைக்காரர் உடனே ஒரு சால்வையை உதறி அவர் தோளில் போட்டார். ஓரமெல்லாம் பொடிப்பொடியாய்ப் பூவேலை. பெரியம்மா ஊசி போன தடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், துணியைத் திருப்பி உள்பக்கத்தையும் பார்த்தார். "சும்மா பாக்கத்தான் வந்தோம்யா" என்றார். "பரவால்ல அம்மா, பாருங்க" என்றார் அவர். "நாங்களும் மலையடிவாரம்தான். ஆனா எங்க கல்வராயன் மலையில இம்புட்டுக் கனமாப் போத்துற குளிரு கெடையாது" என்று சொல்லிவிட்டு, சால்வையைப் பெரியம்மாவே மடித்துக் கொடுத்தார். எங்கள் கடைத்தெருவில் படியேறினால் "என்ன வேணும்?" என்ற கேள்வி வந்துவிடும். பதில் இல்லாதவர் படியேற மாட்டார். இங்கே அந்தக் கேள்வியே வரவில்லை.

அந்தக் கட்டடத்தின் கதையைப் பிற்பாடு படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவானது. ஸ்பென்சரின் வரலாறு என்பது, அதன் வாசலுக்குள் யார் யார் நுழைய முடிந்தது என்பதன் வரலாறு.

1863-இல் சார்லஸ் டுரண்ட், ஜே.டபிள்யூ. ஸ்பென்சர் என்ற இரு ஆங்கிலேயர்கள் மதராஸில் தொடங்கிய கடை அது. பிறகு யூஜீன் ஓக்‌ஷாட் கைக்கு வந்தது. 1895-இல் மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், அதற்குப் பெரிய மாளிகை எழுந்தது. டபிள்யூ.என். போக்சன் வரைந்த இந்தோ-சாரசெனிக் கட்டடம் அது. எண்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகள் இருந்தன. திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை, ரயில் நிலையங்களில் சிற்றுண்டிச் சாலைகள், பக்கத்திலேயே கன்னிமரா ஹோட்டல் என்று அந்த நிறுவனத்தின் கை நீண்டுகொண்டே போனது. ஆனால் அந்த வாசல் துரைமார்களுக்காகவும் துரைசானிகளுக்காகவும் திறந்த வாசல். உள்ளூர்ச் செல்வந்தர்கள் நுழைந்தார்கள். மஞ்சள் பைக்காரர்கள் மரநிழலிலிருந்து பார்த்திருப்பார்கள்.

1983-இல் அந்த மாளிகை தீயில் எரிந்து போனது. அதே இடத்தில் எழுந்ததுதான் இன்றைய ஸ்பென்சர் பிளாசா. தாராளமயக் கொள்கை வந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முதல் கட்டம் திறந்தது, பின்பு இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தன. நூற்றுக்கணக்கான கடைகள், நகரும் படிக்கட்டுகள், கட்டடம் முழுக்கக் குளிர்சாதனம். லேண்ட்மார்க் கடையில் புத்தகத்தை எடுத்து நின்றபடியே படிக்க முடிந்தது. மியூசிக் வேர்ல்டில் ஹெட்போனை மாட்டிப் பாட்டுக் கேட்க முடிந்தது. ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்க, அதை வாங்கும் சக்தி இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்தது. கல்லூரிப் பிள்ளைகள், வெளிநாட்டுப் பயணிகள், கல்யாண ஜவுளிக்கு வந்தவர்கள், எங்களைப் போல் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே தரையில் நடந்தோம். எண்பது பிரிவுகள் இருந்த பழைய மாளிகைக்கு அமையாத பெருமை இது.

சரிவு மெல்ல வந்தது. 2009-இல் அமைந்தகரையில் ஆம்பா ஸ்கைவாக், 2010-இல் ராயப்பேட்டையிலேயே எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-இல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸ், வடபழனியில் ஃபோரம் விஜயா, 2018-இல் அண்ணா நகரில் வி.ஆர். என்று புதிய மால்கள் திறந்தன. அவற்றில் பெரும்பாலானவை மக்கள் குடியிருக்கும் பக்கமே போய் உட்கார்ந்துகொண்டன. வேளச்சேரிக்காரர் அண்ணா சாலை வரை வரத் தேவையில்லாமல் போனது. மெட்ரோ ரயில் வேலைக்காக அண்ணா சாலையின் ஒரு பகுதி ஆண்டுக்கணக்கில் ஒருவழியானது. வந்துகொண்டிருந்தவர்களும் சுற்றுப்பாதைக்கு அஞ்சினார்கள்.

இவையெல்லாம் வெளிக்காரணங்கள். உள்ளே ஒரு காரணம் முதல் நாளிலிருந்தே இருந்தது. ஸ்பென்சர் பிளாசாவின் கடைகளில் பல தனித்தனியாக விற்கப்பட்டவை. அவை ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. மொத்தக் கட்டடத்துக்கும் கவலைப்பட ஒருவர் இல்லை. வாடகை குறைந்தபோது சிலர் ஷட்டரை இறக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு ஷட்டர் இறங்கினால் பக்கத்துக் கடைக்கு வருகிறவர்கள் குறைவார்கள், அடுத்து அதுவும் இறங்கும். புதிய மால்களில் இது நடக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு நிறுவனம் இருக்கிறது. எல்லாக் கடையும் அதனிடம் வாடகைக்கு இருப்பவை. எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை, மேல்மாடியில் எத்தனை திரை சினிமா, கூட்டம் எந்த வழியாக நடக்கவேண்டும் என்று எல்லாவற்றையும் அது முடிவு செய்கிறது. எக்ஸ்பிரஸ் அவென்யூவில் சினிமா இருந்தது. ஸ்பென்சரில் இல்லை.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு எங்கள் பக்கத்துச் சந்தையே போதும். கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் புளியும் தேனும் தலைச்சுமையாக இறங்கிய காலத்திலிருந்து அடிவாரத்து ஊர்களுக்குச் சந்தை பழக்கம். கீரைக்கட்டு விற்கும் பாட்டிக்கும் மாடு விற்பவருக்கும் அதில் இடம் உண்டு, வேடிக்கை பார்க்கிறவருக்கும் உண்டு. ஆனால் சந்தையை ஏலம் எடுத்தவர் ஒருவர் இருப்பார். சுங்கம் வசூலிக்கிறவர் அவர்தான். கூட்டம் கலைந்தால் போட்ட பணம் அவருக்குத் திரும்பாது. அதனால் எந்த ஓரம் காலியாகிறது, ஏன் காலியாகிறது என்று அவர் கண் பார்த்துக்கொண்டே இருக்கும். ஸ்பென்சரில் அந்தக் கண் இல்லை.

மாலும் சந்தையைப் போல மக்கள் கூடும் இடமாகவே முதலில் கற்பனை செய்யப்பட்டது. அந்த வடிவத்தைத் தந்தவராகச் சொல்லப்படும் விக்டர் க்ரூன், நாஜிகளுக்குத் தப்பி 1938-இல் வியன்னாவிலிருந்து அமெரிக்கா போனவர். வியன்னாவின் தெருக்களிலும் காப்பிக் கடைகளிலும் கண்ட கூடிவாழும் பழக்கத்தை, காரில் மட்டுமே நடமாடிய அமெரிக்கப் புறநகர்களுக்குக் கொடுக்க விரும்பினார். மினசோட்டா மாநிலத்தின் இடைனாவில் 1956-இல் அவர் வடிவமைத்த சவுத்டேல், முழுக்க மூடிய குளிர்சாதன மால்களுக்கு முன்னோடி. ஊர்ச் சதுக்கம் போல மக்கள் கூடும் இடமாக அது இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. கடைகள் மட்டும் பெருகின, ஊர் உருவாகவில்லை. கடைசிக் காலத்தில் தன் பெயரில் பெருகிய மால்களை அவரே ஏற்க மறுத்தார். அவர் அமெரிக்காவில் தேடிக் கிடைக்காததை, அவர் பெயரையே கேட்டிராத என் பெரியம்மா அண்ணா சாலையில் ஒரு மத்தியானம் அனுபவித்தார் என்பது என் நம்பிக்கை.

இன்று அந்த மாதிரிச் சால்வை வேண்டுமென்றால் செல்போனில் சொன்னால் போதும். சங்கராபுரத்துத் தெருவுக்கே பார்சல் வந்துவிடும். பொருள் வருகிறது. சாயங்காலம் வரை உட்காரக் கிடைத்த அந்த நிழல் பார்சலில் வராது. அதனால்தான் ஒரு மாலின் சரிவை வெறும் வியாபார நஷ்டமாக என்னால் பார்க்க முடியவில்லை. காசில்லாதவரும் கூச்சமில்லாமல் நடக்கிற கூரைகள் நம் நகரங்களில் மிகக் குறைவு. அதில் ஒன்று பழுதானால், அதைச் சரிசெய்வது நகரத்தின் கவலையாகவும் இருக்கவேண்டும்.

சமீபத்தில் ஒரு மத்தியானம் ஸ்பென்சருக்குள் நடந்தேன். வரிசையாக இறங்கிய ஷட்டர்கள். நடுவே சில காஷ்மீர்க் கடைகளும் தையல் கடைகளும் செல்போன் பழுதுபார்க்கும் கடைகளும் விடாமல் விளக்கெரித்துக்கொண்டிருந்தன. ஒரு மூடிய கடையின் படியில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் பெரிய பழுப்பு நிற எக்ஸ்ரே கவர். மூத்தவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, தயிர்சாதத்தில் பாதியை இளையவளின் பக்கம் ஒதுக்கினார். சீருடை போட்ட காவலாளி அவர்களைத் தாண்டிப் போனார். போனவர் திரும்பி வந்து, குடிதண்ணீர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கையைக் காட்டிவிட்டு நடந்தார்.